மழையில் கோளாறு இல்லை

அன்புள்ள நைனாவுக்கு,

வளர்மதி எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? போனில் சொன்னால் அம்மா டென்ஷன் ஆகிவிடுவார், அதனால்தான் கடிதம்.

இங்கே புனேயில் ஒரு சின்னச் சண்டை, வேறொன்றுமில்லை. எங்கள் கம்பெனியின் விவசாய வீடியோ கேமில் மழையைப் பெய்ய வைப்பது என் வேலை. “ஆடறதுக்கு ஒரு கம்பெனி, அதுல நீ இன்னா பண்ற?” என்று கேட்டீர்களே, அதுதான். போன பங்குனியில் சிங்கவரத்தில் நமக்கு நடந்ததை அப்படியே அதில் வைத்தேன். பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி மேல் மழை கொட்டும், கடலையெல்லாம் முளைத்துவிடும்.

ஆடுகிறவர்கள் கொதித்துவிட்டார்கள். அறுவடை நேரத்தில் மழை வருவது கேமின் கோளாறாம். மேலாளர் உடனே மாற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன். பூமி சூடாகிப் பருவம் புரண்டதற்குக் கேம் என்ன செய்யும்? நீங்கள் அனுப்பிய முளைவிட்ட மல்லாட்டை போட்டோவைப் போட்டு, ‘இது கோளாறு இல்லை, எங்கள் நிலம்’ என்று எல்லோருக்கும் பதில் எழுதினேன்.

திட்டியவர்களில் ஒருத்தி மட்டும், அந்த விவசாயி அப்புறம் என்ன செய்தார் என்று கேட்டாள். மறுபடியும் விதைத்தார் என்றேன். இப்போது அவள் தன் ஊர் மழையைப் பற்றித் தினமும் எழுதுகிறாள்.

அங்கே மழை வந்தால், தகரக் கூரையில் விழும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். நடுவில் அம்மா பேசினாலும் வெட்டிவிடாதீர்கள். கேமுக்குத்தான்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. மேலாளர் இன்றும் கூப்பிட்டிருக்கிறார். வேலை போனாலும் போகட்டும், மழையை மாற்ற மாட்டேன்.

உங்கள் மகள்
வளர்மதி