சிலுவையண்ணன் முகத்தில் விழுந்த நீலம்

டிசம்பர் 4

சென்னைப் பதிப்பகத்திலிருந்து, போட்டோ எடுக்கும் என் வீட்டுக்காரர் கிளைட்டனுக்கு போன். முத்துக்குளித்த கரையைப் பற்றி ஒரு பெரிய படப் புத்தகம்; முழுக்க ஸ்லைடு பிலிமில் வேண்டுமாம். முதல் ரோலைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 5

கப்பலிலிருந்து லீவில் வந்திருக்கும் அவர் அண்ணன் இனிகோ மத்தியானம் சாப்பிட வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "செவப்பு எது, பச்சை எதுன்னு தெரியாதவனுக்குக் கலர் பிலிமா? ஏலே, தப்பா விழுந்தா திருத்தவும் முடியாதுல்லா?" என்றார்.

கண் சோதனையில் தோற்றதால்தான் கிளைட்டனுக்குக் கப்பல் வேலை கிடைக்காமல் போனது. அதையா சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொல்வது? கிளைட்டன் தலை நிமிராமல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தது எனக்கு. ஆனால் — எனக்கும் உள்ளூரப் பயம்தானே?

டிசம்பர் 9

கீழவைப்பார் கடற்கரை. மேகமூட்டம். சங்கு குளித்துக் கரையேறிய சிலுவையண்ணன் வள்ளத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். கிளைட்டன் இளம்பழுப்புக் கண்ணாடி பில்டர்கள் இரண்டை, அடர்ந்தது ஒன்று, மெல்லியது ஒன்று, மாற்றி மாற்றித் தன் கண்ணருகே பிடித்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏளா, இங்கன வா. கன்னத்துல நீலம் விழுது பாரு. வானத்து நீலம். நம்ம கண்ணு அதைக் கழிச்சிரும், பிலிம் கழிக்காது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தியமாக.

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"எனக்குக் குழம்புறது செவப்பும் பச்சையுந்தான். நீலமும் மஞ்சளும் நல்லாத் தெரியும்."

கல்யாணமாகி இத்தனை வருஷம், இதை நான் கேட்டதே இல்லையே!

அடர்ந்த கண்ணாடியை லென்ஸில் திருகி, அது குடிக்கும் வெளிச்சத்துக்கு ஈடாகக் கேமராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து எடுத்தார். வெயில் எட்டிப் பார்த்ததும் மெல்லியதற்கு மாறினார். அதற்கு முன்பே, மேகமூட்டத்தில், ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு படம் பில்டர் இல்லாமல்.

"சீக்கிரம் எடுங்க தம்பி, குளுருது" என்றார் சிலுவையண்ணன்.

டிசம்பர் 14

ரோல் கழுவப் போயிருக்கிறது. இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் 20

ஸ்லைடுகள் வந்துவிட்டன. சிலுவையண்ணனின் மனைவி பிலோமினாக்காவும் பார்க்க வந்தார். விளக்குப் பெட்டிமேல் வைத்தோம். பில்டர் இல்லாத படத்தில் முகம் நீலம் பாய்ந்து, கடலில் மூழ்கிச் செத்த ஆள் போல. பக்கத்தில் பில்டர் போட்டு எடுத்த படம் — அம்மாடி! கறுத்த தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிறது. மஞ்சள் பூசியது போலவும் இல்லை. அன்று நேரில் பார்த்த அதே முகம்.

"இப்பத்தான் கரையேறி, சோத்தப் போடுளான்னு கேக்குத மாதிரில்லா இருக்காரு" என்றார் அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன மனுஷன் இவர்!

ஜனவரி 6

புத்தகம் முழுவதும் இவருக்கே.

ஜனவரி 11

இனிகோ வந்தார். விளக்குப் பெட்டிமேல் இருந்த சிலுவையண்ணன் படத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, திரும்பாமலே, "எம் பாப்பாவுக்கு முதல் நற்கருணை வருது. நீயே எடுலே. பிலிம்லயே எடு" என்றார்.

கிளைட்டன் கேட்டது இவ்வளவுதான்:

"கோயிலுக்குள்ளயாண்ணே, வெளியிலயா? எத்தன மணிக்கு?"