ஒரு பக்கம் மட்டும்

தென்காசி
6-4-1965

அன்புள்ள பேராச்சிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா? இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

பதினொன்றாவது கதையும் இன்று திரும்பி வந்துவிட்டது. தபால்காரர் சிவசைலம் அண்ணாச்சி தெருமுனையிலேயே தடித்த உறையைத் தூக்கிக் காட்டி, "மூர்த்தி, உம்ம பிள்ள இந்தத் தடவையும் பட்டணத்துல தங்கலவே, திரும்பி வந்துட்டான்" என்கிறார். தெருவே சிரிக்கிறது. நானே விலாசம் எழுதி, நானே தபால்தலை ஒட்டி அனுப்பிய உறை என்னிடமே வந்து நிற்கிறது.

தீபாவளி மலரில் ஒரே ஒரு கதை வந்ததை நம்பி மரக்கடைக் கணக்கு வேலையை விட்டேனே, என்னை எதால் அடிப்பது? உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை, படுத்தால் உறக்கம் வரவில்லை. இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை. பேசாமல் மாமாவின் புண்ணாக்குக் கடையில் கணக்கெழுத வந்துவிடட்டுமா? நீயே சொல். எனக்கு யோசிக்கத் தெம்பில்லை.

உன்
மந்திரமூர்த்தி


ஆலங்குளம்
10-4-1965

அன்புள்ள அத்தானுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் மறுபடி வீங்கிவிட்டது. முதலில் அடுப்பை மூட்டி ஒரு கஞ்சியாவது காய்ச்சிக் குடியுங்கள்.

அப்பா நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார். "ஆடி முடியறதுக்குள்ள மாப்பிள்ள நிலையா ஒரு வருமானம் காட்டட்டும். இல்லன்னா கடைக்கு வந்து உக்காரட்டும். ரெண்டும் இல்லன்னா நீயும் பொறக்கப்போற பிள்ளையும் இங்கனதான்" என்கிறார். கடைக்கு வந்தால் இந்த வீட்டுப் பின்கட்டில்தான் நமக்கு வாசம். அக்காவைக் கட்டிய பெரிய அத்தான் அப்படித்தானே இருக்கிறார். அவர் இலையில் யாரும் இரண்டாவது தடவை சோறு வைப்பதில்லை. உங்களை அந்த இலைக்கு முன்னால் பார்க்க என்னால் ஆகாது.

அதனால் எதிர்வீட்டுப் பிச்சம்மாள் மதினியிடம் ஒரு வருஷத்து வாரப் பத்திரிகைகளை வாங்கி, ஒன்று விடாமல் பார்த்தேன். கதையெல்லாம் ஏற்கெனவே பெயரெடுத்தவர்களுடையது. புதிய ஆளுக்கு மாதம் ஒரு இடம் கிடைத்தால் பெரிது. ஆனால் ஊர்க் கட்டுரை, திருவிழா, துணுக்கு எல்லாம் வாராவாரம் யார் யாரோ எழுதுகிறார்கள். நீங்கள் கூட்டம் நெரிகிற இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

போன ஆனியில் வந்த குற்றாலக் கட்டுரையில், மலைமேல் இருக்கிற செண்பகாதேவி அருவி பேரருவிக்குக் கீழே இருப்பதாக யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார். நீங்கள் அருவிக்கு மூன்று மைலில் இருக்கிறீர்கள். சீசன் இதழுக்கு இப்போதே அனுப்பினால்தான் அச்சேறும். படிக்கிறவர்கள் கைக்கு வரும்போது ஆனி பிறந்திருக்கும், அதனால் அருவி கொட்டுகிற மாதிரியே எழுதுங்கள்.

கதைகளை எழுதியது போலவே இதையும் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் எழுதினால் அவர்கள் படிக்கவே மாட்டார்களாம். தாள் வீணாகிறதே என்று பார்க்கவேண்டாம், அதைப் பார்க்கிறவர் அப்பா. பின்பக்கம் வெள்ளையாக ஒரு தாள் கண்ணில் பட்டால் போதும், கிழித்து எடைச்சீட்டு ஆக்கிவிடுவார். பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். திரும்பி வந்தால் உறையைப் பார்த்து அழாமல் அன்றைக்கே வேறு பத்திரிகைக்கு அனுப்பிவிடுங்கள். நிலவை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் பதினோரு கதையிலும் நிலவு வருகிறது.

பேராச்சி


தென்காசி
19-4-1965

அன்புள்ள பேராச்சிக்கு,

கஞ்சி குடித்தேன். குற்றாலத்துக்கும் போய்வந்தேன். பாறை காய்ந்து கிடக்கிறது. குரங்குகள் கூட அந்தப் பக்கம் இல்லை.

"சாரல் காலத்தில் அருவி கொட்டும்" என்று முதலில் பொதுவாக எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தது. பிறகு நீ சொன்னபடி, "இந்த ஆண்டு சாரல் முந்திக்கொண்டது, ஐந்தருவியில் ஐந்தும் கொட்டுகின்றன" என்று ஆரம்பித்தேன். கை நிற்கவில்லை. நம் கல்யாணம் முடிந்த ஆனியில் நீ நனைந்து பல் கிட்ட நின்றாயே, அது கூட வந்துவிட்டது. நிலவு இல்லை. ஒரு பக்கம்தான்.

தபாலில் போட்டாகிவிட்டது. இதுவும் திரும்பினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன்
மந்திரமூர்த்தி


ஆலங்குளம்
30-5-1965

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதமும், அதோடு வைத்திருந்த ஆசிரியரின் கார்டும் கிடைத்தன. "கட்டுரை ஆனியில் வெளிவரும். வாசகர்களுக்குப் பிடித்தால் தென்காசிப் பக்கம் என்று வாராவாரம் எழுதலாம்." இதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "வாராவாரம்னா நிலையான வருமானந்தான்" என்றார். பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததும் தானே தென்காசியில் கொண்டுவந்து விடுவாராம். நான் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பேராச்சி


தென்காசி
3-7-1965

அன்புள்ள பேராச்சிக்கு,

இதழ் வந்து பதினைந்து நாளாகிறது. என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. சாரல்தான் வரவில்லை. ஆனி பாதி தாண்டியும் வெயில் கொளுத்துகிறது.

நேற்று பேரருவிக்குப் போனேன். பாறையில் நூல் மாதிரி ஒழுகுகிறது. விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் இருபது வயது மகனைக் கூட்டிவந்திருந்தார்கள். பையனுக்குப் புத்தி சுவாதீனமில்லை. இரண்டு கையையும் துண்டால் கட்டி, முனையை அப்பா பிடித்திருந்தார். பன்னிரண்டு நாள் அருவியில் தலை கொடுத்தால் தெளிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் மடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். என் கட்டுரை.

"ஐயா, நீங்க இந்த ஊரா? இதுல அஞ்சும் கொட்டுதுன்னு போட்டிருக்கே, அது எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள்.

எழுதியது பொய்யாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தான்தான் வழி தவறி வந்துவிட்டதாக நினைக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐந்தருவிக்குப் போகும் பாதையைக் கையால் காட்டினேன். அந்த வெயிலில் மூன்று பேரும் நடந்தார்கள். அங்கேயும் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அருவியைப் பார்க்காமல் சித்திரையிலேயே எழுதிய கட்டுரை அது, அதை நம்பி யாரும் வரவேண்டாம் என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அது அச்சானால் தென்காசிப் பக்கம் போய்விடும். போடட்டுமா, வேண்டாமா? எல்லாம் சொல்லித் தந்தவள் நீ. இதையும் சொல்.

உன்
மந்திரமூர்த்தி


ஆலங்குளம்
6-7-1965

அன்புள்ள அத்தானுக்கு,

போடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அந்த அம்மாளை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் இன்றைக்கோ நாளைக்கோ வலி எடுத்துவிடும் என்கிறார்கள். இன்னும் பத்து நாளில் சாரல் வந்துவிடும். வந்துவிட்டால் நீங்கள் எழுதியதும் மெய்யாகிவிடும். பத்தே நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் பின்கட்டில் தள்ளிவிடாதீர்கள்.

பேராச்சி


தென்காசி
29-7-1965

அன்புள்ள பேராச்சிக்கு,

பெண் பிறந்த சேதியை மாமா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். இரண்டு பேரும் சுகம் என்று கேட்டபின்தான் உட்கார்ந்தேன்.

உன் கடிதம் வரும்முன்பே ஆசிரியருக்கு எழுதியதைத் தபாலில் போட்டுவிட்டேன். உன் பதில் வந்துவிட்டால் போடமாட்டேன் என்று தெரிந்துதான் போட்டேன். என்னைத் திட்டு. கடிதத்தை அச்சிட்டுவிட்டார்கள். எனக்குத் தனியாக ஒரு கார்டு வந்தது. என் உண்மைக்கு நன்றியாம். ஊர்ப் பக்கத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டார்களாம்.

அந்த விருதுநகர்க்காரர்கள் தங்கியிருந்த சத்திரத்துக்குத் தினமும் போனேன். வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேன். இருபது நாளுக்கு மேல் அவர்கள் காத்துக் கிடந்தார்கள். திங்கட்கிழமை, எழுதியவன் நான்தான் என்று சொல்லிவிடுவதாக உள்ளே போனேன். "காலையிலதான் கிளம்பிப் போனாக" என்றார் காவல்காரர். அன்று சாயங்காலம் சாரல் பிடித்தது. இப்போது ஐந்தருவியில் ஐந்தும் கொட்டுகின்றன, நான் எழுதியபடியே.

ஆவணி முதல் தேதி கடைக்கு வந்துவிடுகிறேன். மாமாவிடம் சொல்லிவிடு.

மந்திரமூர்த்தி


ஆலங்குளம்
6-8-1965

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளைக்கு உங்கள் மூக்கு. மூன்று நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். பிறகு மதினி வீட்டில் உங்கள் கடிதத்தை அச்சில் படித்தேன். கொட்டுகிற மாதிரி எழுதச் சொன்னது நான். அதை எங்கேயும் சொல்லாமல் முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டுகிறார். "தன் தப்பை அச்சுல போட்டு ஒத்துக்கிடுதாரு பாரும். கணக்கெழுத இவரை விட்டா வேற ஆளு ஏது" என்கிறார். பின்கட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியாகிவிட்டது. உங்களுக்குச் சோறு நான்தான் பரிமாறுவேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வரும்போது அந்தப் பதினோரு கதைகளையும் கொண்டுவாருங்கள். வெறுத்துப்போய் அங்கேயே விட்டுவிடாதீர்கள். நேற்று அப்பா கேட்டார், "மாப்பிள்ள எழுதுன தாளெல்லாம் பின்பக்கம் வெள்ளையாத்தானே கெடக்கும்? எடைச்சீட்டுக்கு ஆகும்லா."

இல்லை, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவர் பார்ப்பதற்குள் என் கையில் கொடுத்துவிடுங்கள்.

பேராச்சி