வாட்டம் சரியில்லாத வீடு

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. சின்னவளுக்குச் சளி விட்டபாடில்லை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது அத்தையை மேஜைமேல் உட்கார வைத்தும் கால் தண்ணீரில்தான் தொங்கியது. இப்போது தோல் உரிகிறது. என் தையல் மெஷின்கள் மோட்டாரோடு போய்விட்டன. தைக்க வாங்கிய துணியெல்லாம் சாயம் இறங்கிக் கிடக்கிறது. துணி கொடுத்தவர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை.

உங்கள் அண்ணன் தன் காரை ஏற்றுவதற்காகத் தெருச் சாக்கடையை அடைத்து சிமெண்ட் மேடை போட்டபோதே சொன்னேன். நீங்கள் போனில், "அண்ணன்தானே, விடு" என்றீர்கள். விட்டேன். நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது அவர் பக்கத்தில் தன் வீட்டு மாடியில் காபி குடித்துக்கொண்டே, "மழைன்னா தண்ணி வரத்தான் செய்யும்" என்றார். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

நேற்று மழைச் சேதத்தைக் கணக்கெடுக்க நகராட்சியிலிருந்து ஒரு பெண் என்ஜினியர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அண்ணன், "இவங்க குளியலறைக்குத் தண்ணி ஓடுற வாட்டமே சரியில்லம்மா, எங்க அப்பா கட்டினப்பவே அப்படித்தான்" என்று முந்திக்கொண்டார். செத்தவர் மேலேயே பழி! அத்தையும் ஆமாம் போட்டார். மேஜைமேல் ஏற்றி உட்கார வைத்தது நான். அத்தை காப்பாற்றியதோ பெரிய பிள்ளையின் மானத்தை.

அந்தப் பெண் எதையும் காதில் வாங்கவில்லை. சாக்கடையில் சாயம் கலந்து விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை நானே புட்டியோடு கவிழ்த்தேன். அவரோடு வந்த ஆட்கள் லாரித் தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். மேடைக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு நீலம் போகவில்லை. நம் குளியலறைத் துளை வழியாகக் கொப்பளித்துக் கூடம் வரை வந்தது. அத்தை காலைத் தூக்கிக்கொண்டார். தெருவே வாசலில் கூடிவிட்டது. உங்கள் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி கூடத்தைக் கழுவ வேண்டியிருந்தது. ஆனால் பாட்டுப் பாடிக்கொண்டே கழுவினேன்.

திங்கட்கிழமை மேடையை இடிக்கிறார்கள். வீடு உங்கள் பேரில் இருப்பதால் புகாரும் உங்கள் பேரில்தான். நீங்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவார்களாம். அதனால் உங்கள் அண்ணன் உங்களைக் கூப்பிடுவார். அழுவார்கூட. அத்தையும் போனை வாங்கிப் பேசுவார். கூடப் பிறந்தவரை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். என்னையும் சின்னவளையும் விட்டுக்கொடுப்பது உங்களுக்குப் பழகிப்போனதால்தான் இந்தக் கடிதம்.

மேடை இடிந்தால் வழக்கம்போல லீவுக்கு வாருங்கள். இடியாவிட்டால், நீங்கள் வரும்போது இந்த வீட்டில் உங்கள் அம்மா மட்டும்தான் இருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் அண்ணனும் நூறு வயது வாழட்டும். மழை பெய்யும் ஒவ்வொரு நாளும், தண்ணீர் ஏறுமோ என்று தன் வாசலைத் தானே காவல் காத்துக்கொண்டு, தூங்காமல் வாழட்டும்.

உங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்
மனைவி