அப்பாவின் பேட்டரியும் உன் சண்டைகளும்

சண்டைக்காரி என்று நான் மனத்துக்குள் பெயர் வைத்திருந்த என் அன்பு அம்மாவுக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. நீ போய் நாலு மாதம் ஆகிறது. குழாயில் தண்ணீர் நேரத்துக்கு வருகிறது. நான் லாஸ்பேட்டையில் அதே காலேஜ் ஆபீசுக்குத்தான் போய் வருகிறேன். அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார். பேசுவது மட்டும் இல்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருக்கிற துளை வழியாகத்தான் மூச்சு. நம்மூர் மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் கம்பெனி இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகி, வீட்டிலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிய மனிதர். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் உதடு அசையும், சத்தம் வராது.

அப்போது நீதான் அந்தக் குரல் மிஷினைக் கொண்டுவந்தாய். கடற்கரைப் பக்கம் நீ வீட்டு வேலை செய்த மதாமின் கணவருக்கும் இதே ஆபரேஷன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் காலமான பிறகு, பிரான்சிலிருந்து வந்த அந்த மிஷினை மதாம் ஒரு துண்டில் சுற்றி உன் கையில் கொடுத்தார். பார்க்கச் சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் வைத்துப் பட்டனை அமுக்கினால் ‘ங்ங்’ என்று அதிரும். வாயசைத்தால் அந்த அதிர்வு பேச்சாக வரும். கோபமானாலும் கொஞ்சலானாலும் ஒரே சுதி. அப்பா ஒருமுறை கேஸ் சிலிண்டர் புக் பண்ண போன் போட்டபோது, கம்ப்யூட்டர் பேசுகிறது என்று நினைத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

மிஷினோடு வந்தவை இரண்டு பேட்டரிகள். ஒன்று மிஷினில் இருக்கும், ஒன்று சார்ஜில் இருக்கும். பெரியவன், சின்னவன் என்று நீ பெயர் வைத்தாய். “பெரியவன் எறங்கிட்டான், சின்னவன எடு” என்பாய். ஆறு வருடம் அவற்றைப் பார்த்துக்கொண்டது நீ ஒருத்தி மட்டும். எனக்கும் அப்பாவுக்கும் சார்ஜர் எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூடத் தெரியாது.

இப்போது இரண்டும் படுத்துவிட்டன. நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலேயே தீர்ந்தவை. அதற்குப் பிறகு மூன்று மாதம் அப்பா அந்த மிஷினைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. ஒருநாள் துணிந்து சார்ஜில் போட்டேன். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. இந்த மாடல் பேட்டரியை இப்போது செய்வதே இல்லையாம், நெட்டில் தேடித் தேடிப் பார்த்தேன். புது மிஷினுக்கு ஆஸ்பத்திரியில் அப்பா பெயரை எழுதிக்கொண்டு, வரும்போது சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுவரை இந்த இரண்டில் ஒன்றாவது எழுந்தால்தான் அப்பாவுக்குக் குரல்.

நேரு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டார்ச், எமர்ஜென்சி லைட் எல்லாம் ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கடை வாசல் வரை இரண்டு முறை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. மூன்றாவது முறை அவரே கூப்பிட்டார்.

“என்னா தங்கச்சி, கடைய வெலைக்கு வாங்கப் போறியா? தெனம் வந்து பாத்துட்டுப் போற?”

பேட்டரியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தன வருசமா ஓடுது?”

“எங்ககிட்ட ஆறு வருசம். அதுக்கு முன்ன எத்தனன்னு தெரியாதுண்ணே.”

“ஆறா? இந்த ஜாதி செல்லு ரெண்டு வருசத்துலயே சொணங்கிடும்மா. பாதி எறங்குனதும் ஏத்துனா, அந்தப் பாதியிலயே நின்னு பழகிடும். முழுசா எறக்கித்தான் ஏத்தணும். யாரோ தெனம் குளிப்பாட்டி விடுற மாதிரி பாத்திருக்காங்க. யாரு?”

“எங்கம்மா.”

“அவுங்களையே கேக்க வேண்டியதுதான?”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

இரண்டு ஒயரை எடுத்து, வேறொரு கனமான பேட்டரியிலிருந்து ஒரு கண நேரம் தொட்டுத் தொட்டு எடுத்தார். செத்த செல்லைத் தட்டி எழுப்புவது அப்படித்தானாம். பெரியவன் எழுந்துவிட்டான். சின்னவன் எழவில்லை. பிரித்து உள்ளே வேறு செல் வைக்க முடியாதா என்று கேட்டேன். “ஒட்டி மூடினது இது. நான் கை வெச்சி கூடு ஒடஞ்சிதுன்னா இருக்கறதும் போயிடும். உங்கப்பா கொரலுக்கு நான் பதில் சொல்ல முடியாதும்மா” என்றார். பெரியவனை முழுசாக இறக்கி முழுசாக ஏற்ற வேண்டும், ஏழெட்டு முறை அப்படிச் செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் வரலாம், வராமலும் போகலாம் என்றார். “பேசணும்னுகூட இல்ல. பட்டன அமுக்கிப் புடிச்சிகிட்டே இரு, தானா எறங்கிடும்.”

அதைத்தான் செய்தேன். சாயந்திரம் ஆபீசிலிருந்து வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன். ‘ங்ங்ங்’ என்று போய்க்கொண்டே இருந்தது. வார்த்தையே இல்லாமல் அப்பாவின் குரல் மட்டும். கேட்கக் கேட்க எனக்கு என்னவோ போலிருந்தது, ஆனாலும் விரலை எடுக்கவில்லை. அப்பா வந்து நிலைப்படியில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். என் கையிலிருந்து மிஷினைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே, என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் நான் கூப்பிட்டும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் மதாம் வீட்டுக்குப் போனேன். ஒருவேளை அவர்கள் வீட்டில் இன்னொரு பேட்டரி கிடக்குமோ என்று ஒரு ஆசை. எல்லா இழுப்பறையையும் திறந்து பார்த்தார், பாவம். இல்லை. நான் பட்டன் விஷயத்தைச் சொன்னேன்.

“நான்கூட அப்படித்தான் சொன்னேன் உங்கம்மாகிட்ட. எங்க முசியே, அதான் எங்க வூட்டுக்காரரு, அப்படித்தான் செய்வாரு, ராத்திரில பட்டன அமுக்கிட்டு பேப்பர் படிப்பாரு. உங்கம்மா கேக்கலியே. நோன்னுட்டா!” மதாம் சிரித்தார். “அது அவரு கொரலு மதாம், அத வெறுஞ் சத்தமா கொட்டக் கூடாது, நான் பேச வெச்சே தீத்துடறேன்னா. எப்டிடி பேச வெப்பன்னேன். சண்ட புடிச்சா எந்த ஆம்பளையும் பேசுவான்னா. வொலா, அவ்ளோதான்.”

திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டேன் அம்மா. ஓட்ட முடியவில்லை.

தினம் சாயந்திரம் ஆறரை மணிக்கு நீ ஆரம்பிப்பாய். “கானாங்கெளுத்தி வாங்கியாரச் சொன்னா மத்திய வாங்கியாந்திருக்கீங்க.” “உங்க தங்கச்சி கல்யாணத்துல என்னய மூணாவது பந்தியில ஒக்கார வெச்சீங்க.” அந்த மூன்றாவது பந்தியை எத்தனை நூறு முறை இழுத்திருப்பாய்! அப்பா விடாமல் பதில் சொல்வார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் மெலிந்து நின்றுவிடும். “ஆச்சா? குடுங்க இங்க” என்று மிஷினை வாங்கிப் பேட்டரியைக் கழற்றி மாற்றுவாய். அப்புறம் சோறு போடுவாய். நான் ரூமில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, குரல் இல்லாத மனிதரிடம் தினமும் ஜெயிக்கிறாளே, இவளுக்கு மனசே இல்லையா என்று நினைப்பேன். இறுதியாண்டு பரீட்சை நேரத்தில் உன்னிடம் கேட்டும்விட்டேன். “வாயில்லாத மனுசன்கிட்ட ஏம்மா வம்பு பண்ற?” நீ திரும்பிப் பார்த்து, “டிகிரி படிக்கறவ, நீ படி” என்றாய். ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொன்னால் அது சண்டையாக இருக்காது என்றா?

நானும் முயன்றேன். “ஏம்பா, சட்டைய இப்டி நாற்காலி மேல போட்டு வெச்சிருக்கீங்க?” என்றேன். எழுந்து போய் மடித்து வைத்தார். சாம்பாரில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் விட்டேன். ஒரு வார்த்தை இல்லாமல் சாப்பிட்டார். அத்தை கல்யாணத்துப் பந்தியைக்கூட இழுத்துப் பார்த்தேன். நோட்டில் ‘சரி’ என்று எழுதிக் காட்டினார். நான் சொல்வதையெல்லாம் கேட்கிற அப்பாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழகாதவள் நான். எனக்குச் சண்டை வராது அம்மா. அது உன்னோடு போய்விட்டது.

இனி எழுதப்போவது, உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது.

நீ இடத்தைச் சொன்னதால் ஆஸ்பத்திரிக்கு நான் சார்ஜரை எடுத்துக்கொண்டுதான் வந்தேன். பையிலேயே இருந்தது. அந்த ஹாலில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதில் எப்போதும் யாருடைய போனாவது சார்ஜில் இருக்கும். ‘கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா’ என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். நான் எழுந்து போவேன், பக்கத்தில் நிற்பேன், திரும்பி வந்து உட்காருவேன். இரண்டு நாள். அதற்குள் அப்பாவின் இரண்டு பேட்டரியும் தீர்ந்துவிட்டன. அவர் உன் காலடியில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் சாயந்திரம் நீ கண்ணைத் திறந்து, “மனுசன் பேசலியே. பேட்டரி போட்டியாடி?” என்று கேட்டாய். “போட்டுட்டேம்மா, ஏறிகிட்டிருக்கு” என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாய். காத்திருந்தாயா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சண்டைக்காக இல்லை. என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் எழுந்தார். அலமாரி மேலிருந்த மிஷினை எடுத்தார். நான் நாற்காலி மேல் ஏறிக் கழற்றியெடுத்து, சார்ஜில் ஏற்றி வைத்திருந்த பெரியவனை அவரே போட்டார். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த ஒரே சுதிக் குரல்.

“எனக்குதான் கொரலு இல்ல. ஒனக்கு இருந்துச்சில்ல? கேட்டிருக்கலாமில்ல?”

“பயமா இருந்துச்சிப்பா.”

“ஒரு ப்ளக்க புடுங்கச் சொல்ல பயமா? இதுக்குதான் உங்கம்மா அடுத்த வூட்டு ஏனம் கழுவி ஒன்ன படிக்க வெச்சாளா?”

அது என்னைச் சுட்டது. எங்கிருந்து வந்ததென்று தெரியாது, கத்திவிட்டேன். “நீங்களும் அங்கதான ஒக்காந்திருந்தீங்க? எழுந்து போயி புடுங்கிட்டுப் போட வேண்டியதுதான? கைக்கும் கொரலு வேணுமா?”

அப்பா மிஷினைக் கழுத்தில் வைத்தபடி அப்படியே நின்றார். நான் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

“தோடா. இவ்ளோ வாயி எங்கடி வெச்சிருந்த? நானும் ஏதோ ஊமப் பொண்ணுன்னு இத்தன நாளா… நீ ஒரு…”

சத்தம் மெலிந்து நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. சின்ன வார்த்தைதான், இரண்டு அசைவு. “என்னாப்பா? என்னா சொன்னீங்க?” என்றேன். திரும்பவும் அசைத்தார். எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும். திட்டா, வேறு ஏதாவதா? கண்ணைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. கையை உதறிவிட்டு, மிஷினை என்னிடம் நீட்டினார்.

வாங்கி, பெரியவனைக் கழற்றிச் சார்ஜில் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நாலு நிமிடம் பேசியிருக்கிறான். கடைக்கார அண்ணனிடம் போய்ச் சொன்னேன். நல்லதுதான், ஆனால் இது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்காதே என்றார். நானும் கேட்கவில்லை. ஒருநாள் பெரியவனும் சின்னவனைப் போல எழாமல் கிடப்பான். புது மிஷின் அதற்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? என் கையில் எதுவுமே இல்லை அம்மா.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இருக்கிற நாலு நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட வெறும் சத்தமாகப் போகவிட மாட்டேன். அவர் பேசித்தான் தீர வேண்டும், நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுத்தான் தீர வேண்டும். அவர் திட்டட்டும். நானும் திட்டுகிறேன். சத்தம் நின்ற பிறகும் எழுந்து போய்விடாமல், அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஒரு வார்த்தையாவது எனக்குப் பிடிபடும் வரைக்கும்.

உன் கடைசிக் கேள்விக்குப் பொய் சொன்ன,
உன் ஒரே மகள்