மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை

மே 4, ஞாயிறு

மகள் வாலுவை என் அப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பன்னிரண்டு நாள்.

பள்ளி விடுமுறையில் வழக்கமாக அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, மகள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் லீவு என்று வாயெடுத்தாலே சூப்பர்வைசர் எரிந்து விழுகிறார். ஏழு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டா போக முடியும்? இனி மிதிக்க மாட்டேன் என்று ஒன்பது வருடத்துக்கு முன் சொல்லிவிட்டு வந்த வாசலிலேயே போய் நின்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று பிள்ளையைத்தான் கேட்டார்.

மாடிப்படிக்குக் கீழே அந்த அறை அப்படியே இருக்கிறது. அதே பச்சைக் கதவு, வெளிப்பக்கத் தாழ்ப்பாள். கணக்குத் தப்பினால், பால் கொட்டினால், எதிர்த்துப் பேசினால் என்னை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போடுவார். விளக்கு கிடையாது. அம்மா வெளியே நின்று அழுவாள். செத்துப்போகும் வரை ஒருநாள்கூடத் திறந்துவிட்டதில்லை.

கிளம்பும்போது வாலுவின் காதில், "அந்த ரூம் பக்கம் போகாதே, எலி இருக்கு" என்று சொன்னேன். சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பெத்தவளா நான்?

மே 5

போனில் பேசினாள். சாப்பிட்டாளாம், படம் வரைந்தாளாம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே நிற்கிறார். மூச்சு கேட்கிறது. அவரை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? நான் சொன்னேனா?

மே 6

வேலை ஓடவில்லை. இஸ்திரி மிஷினுக்குள் தலையணை உறையோடு விரலையும் விடப் பார்த்தேன்.

மே 7

கண்ணாடி ஜக்கைக் கீழே போட்டு உடைத்துவிட்டாளாம். எனக்கு உயிரே போய்விட்டது.

"தாத்தா என்ன பண்ணார்?"

"பெருக்கினார். அப்புறம்மா, எலி ரூம் பக்கம் போகாதேன்னு நீ சொன்னியே, அதைத் தாத்தாகிட்ட சொல்லிட்டேன்."

"ஏன்டி சொன்னே?"

"அந்த ரூம்ல எலியே இல்லையேன்னார். அப்புறம் பேசவே இல்லை."

பேச மாட்டார். எனக்குத் தெரியும். முதலில் பேச்சு நிற்கும், அப்புறம்தான் தாழ்ப்பாள். என் மேல் உள்ள கோபத்தை அவள் மேல் காட்டினால்? என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

மே 8

இன்று பேசும்போது பின்னால் டொக் டொக்கென்று சத்தம்.

"என்ன சத்தம் அது?"

"தாத்தா எலி ரூம் கதவுல சுத்தியலால அடிச்சிட்டிருக்கார்."

"தாழ்ப்பாளையா? வாலு, தாழ்ப்பாளையா சரி பண்றார்?"

அதோடு லைன் போய்விட்டது. பதினோரு தடவை போட்டேன். சுவிட்ச் ஆஃப், சுவிட்ச் ஆஃப், சுவிட்ச் ஆஃப். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. கடவுளே, இருட்டென்றால் அவளுக்கு ஆகாது. விளக்கு இல்லாமல் தூங்கவே மாட்டாள்.

மே 9, காலை

பஸ்ஸில் எழுதுகிறேன். போன் இன்னும் சுவிட்ச் ஆஃப்தான். சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன்.

"ரெண்டு வார்டு துணி குவிஞ்சு கிடக்கு. போறதுன்னா அப்படியே போயிடு" என்றார்.

வந்துவிட்டேன். அந்தாள் அவளை மட்டும் உள்ளே போட்டிருந்தால் — என்ன செய்வேன்? தெரியாது. என்னவோ செய்வேன்.

மே 9, மாலை

வாசலில் யாரும் இல்லை. நேரே மாடிப்படிக்குக் கீழே ஓடினேன். அங்கே கதவு இல்லை. வெறும் நிலை. கீல் இருந்த இடங்களில் புதிதாக மரத்தூளைக் குழைத்து அடைத்திருந்தது. உள்ளே ஒரு பழைய குடை, இரண்டு சாக்கு, அவ்வளவுதான். இவ்வளவு சின்ன அறையா அது?

கொல்லைப்புறத்தில் நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் கதவு மல்லாந்து கிடந்தது, உள்பக்கம் மேலே தெரிய. வாலு அதன் மேல் குப்புறப் படுத்துச் சாக்பீஸால் யானை வரைந்துகொண்டிருந்தாள். யானையின் காலடியில் போன், பாகம் பாகமாக வெயிலில் காய்ந்தது.

"நான்தான்மா பக்கெட்ல போட்டுட்டேன்!" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு பொருளை உடைத்துவிட்டு அந்த வீட்டில் நான் சிரித்ததே இல்லை.

அப்பா கையில் உளியோடு நின்றார். "கீல் துருப்பிடிச்சுப் போச்சு" என்றார்.

"அம்மா, இங்க பாரேன், கீறல் கீறலா!" கதவின் கீழ்ப்பாதியைக் காட்டினாள். என் ஹேர்பின் கீறல்கள். உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரம். "யார் பண்ணதுன்னு தாத்தாகிட்ட கேட்டேன். நான்தான் பண்ணேன்னு சொல்றார். பெரியவங்க யாராவது கதவைக் கீறுவாங்களா?"

அவரைப் பார்த்தேன். அவர் உளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கோபம் போய்விடவில்லை. மனம்விட்டு அழக்கூட வரவில்லை. வாலுவின் பக்கத்தில் கதவின் மேல் உட்கார்ந்தேன். கால் கடுத்தது. அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார். இந்தத் தடவை என்னைக் கேட்டார்.

மே 10

சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, ஈரத் துணி தூக்கும் பக்கம் தள்ளிவிட்டார். இடுப்பு கழன்றுவிட்டது.

வாலுவைக் கூட்டி வரவில்லை. இன்னும் ஆறு நாள் அங்கேதான் இருப்பாள்.