பெல்ட் வாங்கப் போனோம்

யாவ்ரிகெய்னோ, ஃபின்மார்க், நார்வே
மார்ச் 9

அன்புள்ள ரவ்னா அக்காவுக்கு,

சுன்னா எழுதுகிறேன். இங்கே ஆட்களும் பனிமான்களும் சௌக்கியம். ட்ரொம்சோவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அனுப்பிய உலர்ந்த மான்கறி கிடைத்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

போனில் பேசமாட்டேன் என்கிறாயே என்று கோபித்துக்கொண்டாய். மந்தைக் குடிசையில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு மேட்டில்தான். நான் ஏறினால் பின்னாலேயே சித்தப்பாவும் ஏறி வருவார். அதோடு, பேச ஆரம்பித்தால் எனக்கு வார்த்தை வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

நீ சொன்னபடி சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் ஜெர்மனிக்காரர், இரண்டு வாரத்துக்கு மட்டும் வந்தவர். நம் மொழியில் பேச உனக்கு உரிமை உண்டு, மொழிபெயர்க்க ஆள் கேள் என்று எழுதியிருந்தாய். கேட்டேன். கதவைத் திறந்துகொண்டு வந்தது யார் தெரியுமா? கஜ்யா சித்தி.

“அடி, நீயா! எவளோ ஒருத்திக்குன்னுல்ல நெனச்சு வந்தேன். என்னடி ஆச்சு?”

“தூக்கம் வரல சித்தி.”

சித்தி டாக்டர் பக்கம் திரும்பினாள். நார்வே மொழி எனக்கும் தெரியும் என்பதையே மறந்துவிட்டாள். “மான் மேய்க்கிற வீட்டுப் பொண்ணு டாக்டர். இந்த மாசத்துல எங்க ஆளுங்க எவன் தூங்குறான்?” என்றாள்.

வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று அவர் கேட்டார். முழங்கால் வலி என்றேன். என் முழங்காலில் ஒன்றுமில்லை அக்கா. மூன்று தரம் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுக் களிம்பு கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. “என்னடி கெழவி, முட்டி வலியாமே! தூக்கிட்டுப் போகவா?” என்கிறார்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். பிப்ரவரியில் ஒருநாள் மந்தையைப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. கைவிரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. உறைந்த ஏரிக்கு நடுவில் பனி ஸ்கூட்டரை நிறுத்தினேன். படபடப்பு அடங்கிவிட்டது. ஆனால் வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு டிகிரி. இப்படியே இருந்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கிளப்பினேன். ஏன் கிளப்பினேன் என்றும் தெரியாது.

யாரிடமும் சொல்லாதே. தெரிந்தால் அப்பா என்னைத் தனியாக மந்தைக்கு விடமாட்டார். பள்ளியையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

உன் தங்கை,
சுன்னா


ட்ரொம்சோ
மார்ச் 17

என் செல்லத் தங்கைக்கு,

இதை மருந்துக்கடையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். காலையிலிருந்து இரண்டு பேருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். உன் கடிதம் கோட்டுப் பைக்குள் இருக்கிறது, கை அங்கேயே போகிறது.

கஜ்யா சித்தி வருவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஊரில் வேறு யார் வருவார்கள்? என் தப்பு.

‘சமாளிச்சுக்கலாம்.’ நம் வீட்டில் காய்ச்சலுக்கும் அதுதான் மருந்து, கால் முறிந்தாலும் அதுதான். நீயும் அதையே விழுங்கிக்கொண்டு இருக்காதே. இளைஞர்களுக்கான மனநல நிலையத்தில் உனக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஏப்ரல் 24, காலை பதினோரு மணி. உனக்குப் பதினேழு ஆகிறது, யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. அதுவரை தனியாக ஏரிப் பக்கம் போகாதே. போகமாட்டேன் என்று ஒரு வரி எழுது.

ரவ்னா


மந்தைக் குடிசை
மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் போகவில்லை. திட்டாமல் படி.

இருபத்திரண்டாம் தேதி காற்று வடக்கே திரும்பியது. சினை மான்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டன. “மானு கெளம்பிருச்சு. நீங்க காபிய ஆற அமரக் குடிச்சிட்டு மெதுவா வாங்க மகாராணி” என்றார் சித்தப்பா. நாங்கள் நாலே பேர். ஒருத்தி குறைந்தால் மந்தையின் ஒரு பக்கம் திறந்து கிடக்கும். எனக்கு டாக்டரிடம் நேரம் இருக்கிறது, இரண்டு நாள் நில்லுங்கள் என்று மானிடம் சொல்ல முடியுமா?

வரமுடியாது என்று சொல்லவாவது போன் செய்யலாம் என்று மேட்டில் ஏறினேன். அங்கே சித்தப்பா நின்று போனில் சித்தியோடு கொஞ்சிக்கொண்டிருந்தார். மந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

எரிபொருள் வாங்கப் போனவர்கள் நேற்று தபாலையும் கொண்டுவந்தார்கள். நான் வராததால் எனக்கு உதவி தேவையில்லை என்று எடுத்துக்கொள்வதாகவும், என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியதாகவும் நிலையத்திலிருந்து கடிதம். படித்ததும் வருத்தமே வரவில்லை அக்கா. நிம்மதியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுதமுடியவில்லை. போகிற வழியெல்லாம் ஏரிகள்தான்.

சுன்னா


ட்ரொம்சோ
மே 13

சுன்னா,

நீ என்னை வெறுக்கப்போகிறாய். அப்பாவுக்கு போன் செய்துவிட்டேன். ஏரியைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து “அப்பா, அப்பா” என்று கத்தினேன். “கேக்குது” என்றார். பிறகு, “ஏரிப் பனி இன்னும் ஒரு வாரம் தாங்கும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நாள் வாங்கினேன். ஜூன் 19. மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். உன்னிடம் பேசப்போகிறவள் நம் மொழிக்காரிதான், ஸ்வீடன் பக்கத்தவள். அவளுக்கு நம் ஊரில் அத்தையோ சித்தியோ மாமன் மகனோ யாருமில்லை. கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

போ. கையெடுத்துக் கும்பிடுகிறேன், போ.

ரவ்னா


கடற்கரை மேய்ச்சல் நிலம்
மே 22

ரவ்னாவுக்கு,

அப்பா எட்டு நாளாக என் வண்டிக்குப் பின்னாலேயே வருகிறார். நான் நின்றால் நிற்கிறார். “என்னப்பா?” என்று கேட்டால், “நானும் இந்தப் பக்கந்தான்” என்கிறார். இந்தப் பக்கம் ஒரு மான் கூட இல்லை.

ஒன்றும் கேட்பதும் இல்லை. தட்டில் கறியைக் கூடுதலாகப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உனக்கு மட்டும் என்று எழுதினேன். அந்த வரியை நீ படிக்கவில்லையா?

சுன்னா


ட்ரொம்சோ
மே 30

படித்தேன். படித்துவிட்டுத்தான் சொன்னேன். இரண்டு மாதம் போன் அடிக்கும்போதெல்லாம் அந்தச் செய்திதான் என்று நினைத்து எடுத்தேன். என்னால் முடியவில்லை சுன்னா.

திட்டவாவது எழுது.

ரவ்னா


கடற்கரை மேய்ச்சல் நிலம்
ஜூன் 21

அக்காவுக்கு,

போய்வந்தேன்.

பத்தொன்பதாம் தேதி காலையில் அப்பா என்னைக் காரில் ஏறச் சொன்னார். சித்தப்பா கம்பிச் சுருளோடு வந்து வழியில் நின்றார்.

“அப்பனும் மகளும் எங்க கெளம்பிட்டீங்க? வேலி அறுந்து கெடக்கு.”

“மந்தைக்கு ஓட்டுற நாலு சக்கர பைக்குல எஞ்சின் பெல்ட்டு போச்சு. வாங்கப் போறோம்” என்றார் அப்பா.

“நேத்து ஓடுச்சே!”

“நேத்து ஓடுச்சு.”

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. இவ்வளவு நன்றாகச் சொல்வார் என்றும் தெரியாது.

மூன்று மணி நேரப் பயணம். இந்த ரோட்டில் குழி அதிகமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார், இரண்டு தடவை. அந்தக் கட்டிடத்துக்கு முன்னால் எஞ்சினை அணைத்தார். “நான் இங்கயேதான் இருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.

அந்தப் பெண் எதையும் உடனே கேட்கவில்லை. காபி ஊற்றிக் கொடுத்தாள். நாம் முக்கியமான விஷயம் பேசும்போது ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்காருவோமே, அதுபோல ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். நானும் ஜன்னலையே பார்த்தேன். காபி ஆறிவிட்டது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஏரியைச் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது என்னவெல்லாம் நினைத்தேன் என்பதையும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஆனால் வார்த்தை வந்தது.

அப்போது நினைத்தது என்ன என்று உனக்கு எழுதப்போவதில்லை. கேட்காதே அக்கா. நீ அப்பாவிடம் சொல்லியிராவிட்டால் நான் போயிருக்கமாட்டேன். அது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் பேனாவை எடுத்தால் கை நின்றுவிடுகிறது. உனக்கு எழுதினால் அது உன்னோடு நிற்காது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. இனி மானைப் பற்றி எழுதுகிறேன், மழையைப் பற்றி எழுதுகிறேன், அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அவ்வளவுதான் இப்போதைக்கு முடியும். நீயும் அப்படியே எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

தூக்கம் இன்னும் சரியில்லை. ஒரு தடவையில் சரியாகாது என்று அவளும் சொன்னாள்.

திரும்பும்போது அப்பா நிஜமாகவே கடைக்குப் போய் ஒரு பெல்ட் வாங்கினார். நம் வண்டிக்குப் பொருந்தாது. வேறு அளவு அங்கே இல்லை.

பாதி வழியில்தான் கேட்டார், “மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?”

“ஜூலை மூணு.”

கன்றுகளுக்குக் காது வெட்டி அடையாளம் போடும் வாரம் அது. ஒரு ஆளைக்கூட விடமுடியாது. அவர் நாலைந்து குழிகளை ஒதுக்கி ஓட்டினார்.

“அன்னிக்கு எது போச்சுன்னு சொல்றது?” என்றார்.

“பல்லு” என்றேன்.

“யாரு பல்லு?”

“உங்க பல்லுதான்.”

அப்பா இன்றுவரை தனக்கு எங்கும் வலிக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை, உனக்கே தெரியும். நாக்கால் கடைவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“உன் சித்தப்பன் ஒரு வருசத்துக்குச் சிரிப்பானே.”

“சிரிப்பார்.”

“சரி” என்றார். “இந்தப் பக்கத்துப் பல்லுன்னு சொல்லிக்கலாம்.”

சுன்னா