புகைபோக்கியை அடைத்துவிட்டோம்

சிலேசியா, அக்டோபர் கடைசி

அன்புள்ள சில்வியா,

நான் பேசாமல் இருந்தது போதும். இங்கே நானும் உன் அம்மாவும், என் முழங்காலும் அவள் ரத்த அழுத்தமும் நீங்கலாக, நலம். அங்கே பெர்கனில் நீயும் உன் கணவர் டோமெக்கும் நலம், பேத்தி ஹானியா இருமாமல் இருக்கிறாள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்த இடத்தில் நம் கரிப் புகையில் குழந்தைக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊர் திரும்பியதும் தொலைபேசியில் நீ சொன்னது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. “நம்ம வீட்டுப் புகைபோக்கியில புகை நிக்கற வரைக்கும் ஹானியாவைக் கூட்டிட்டு வரமாட்டேம்பா” என்றாய். நார்வேயில் கோழிப்பண்ணைக்குக்கூட வெப்ப பம்ப் இருக்கிறது, மாமா இன்னும் கரி அள்ளிக்கொண்டிருக்கிறார் என்று பின்னாலிருந்து உன் கணவர் சிரித்ததும் காதில் விழுந்தது. அன்றிலிருந்து நீ அழைக்கும்போதெல்லாம் அப்பா தோட்டத்தில் இருக்கிறார் என்று அம்மாவைச் சொல்ல வைத்தது நான்தான். கொட்டுகிற பனியில் தோட்டத்தில் என்ன வேலை என்று நீ கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

சரி, அந்தப் புகைபோக்கியின் கதையைக் கேள். நீ சொன்ன மறுவாரமே, வீட்டைச் சூடாக்கும் அந்த வெப்ப பம்புக்கு அரசு மானியம் கேட்டு விண்ணப்பித்தேன். மானியம் இல்லாமல் ஒரு வாத்தியார் சம்பளத்தில் அது நடக்காது. முதல் தடவை, வீட்டுப் பத்திரம் இன்னும் இறந்துபோன உன் தாத்தாவின் பெயரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அதை மாற்றினேன். அடுத்த தடவை, பரணுக்கும் சுவருக்கும் குளிர் தாங்கும் பஞ்சு வைத்தாயா என்றார்கள். வைத்தேன். கடன் வாங்கித்தான் வைத்தேன், அதற்காக நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். தெருவில் என்னைப் பார்த்தால் சிரிப்பு. “நிலக்கரி மேல உக்காந்துக்கிட்டுக் காத்துல இருந்து சூடு வாங்கப் போறாராம் சார்” என்று மளிகைக் கடையில் எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள். இந்தச் சுரங்க ஊரில் கரியை விட்டவன் மதம் மாறியவன் மாதிரி. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருவழியாக அனுமதி வந்தது, செப்டம்பரில் ஆட்கள் வந்து கொல்லையில் அந்தப் பெட்டியை வைத்தார்கள், பெரிய மின்விசிறி மாதிரி இருக்கிறது, சத்தம் அதிகமில்லை. கீழ்த்தளத்தில் இருந்த கரிக் கொதிகலனைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அங்கேதான் வந்தது வினை. நம் ஆட்களுக்கு நன்றாக எரிகிற அடுப்பைத் தூக்கியெறிய மனம் வராது, அது சோற்றைக் கொட்டுவதற்குச் சமம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் உன் அம்மா அதை என் அண்ணன் அலோய்ஸுக்குக் கொடுத்துவிட்டாள், அவனும் வண்டி கொண்டுவந்து ஏற்றிப்போய்ப் புறாக்கூண்டை ஒட்டிய தன் பட்டறையில் வைத்து எரிக்க ஆரம்பித்துவிட்டான். மானியப் பணம் கேட்டுப் போனபோது அலுவலகப் பெண், பழைய கொதிகலனை நசுக்கியதற்கு இரும்புக்கடை ரசீது எங்கே என்றாள். விஷயத்தைச் சொன்னேன். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவள்தான். “உங்க வீட்டுப் புகையை அண்ணன் வீட்டுக்கு மாத்தறதுக்கா சார் அரசாங்கம் காசு குடுக்குது?” என்றாள். இந்த மாதத்துக்குள் ரசீது வராவிட்டால் மானியம் ரத்து, பணம் வராத பம்பைக் கடைக்காரன் கழற்றிக்கொண்டு போவான், பழையபடி கரி, பழையபடி நீ பெர்கனில்.

அலோய்ஸோடு நான் ஏன் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். தாத்தாவின் அடக்கத்தில், சுரங்கத் தொழிலாளிகள் விசேஷத்துக்குப் போடும் சேவல் இறகுத் தொப்பியோடு நின்றுகொண்டு, “அப்பாவுக்கு ரெண்டு பிள்ளைங்க, ஒருத்தன் கரியைத் தொட்டான், ஒருத்தன் சாக்பீஸைத் தொட்டான்” என்று ஊர் முன்னால் சொன்னவன். போன ஞாயிறு அவன் முற்றத்தில் போய் நின்றேன். புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான், திரும்பிக்கூடப் பார்க்காமல், “வாங்க வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல கரி தீந்துபோச்சா?” என்றான். கொதிகலனைத் திருப்பிக் கேட்டேன், எதற்கு என்றும் சொன்னேன். கையிலிருந்த தகர டப்பாவைக் கீழே வைத்தான். “அப்பா தன் கையால வெல்டிங் வச்சது. அவர் வேர்வையை இரும்புக்கடையில போட வந்தியாடா?” என்றான். எனக்கும் சொல்ல நிறைய இருந்தது, இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்தது. ஆனால் வாயில் வந்தது, ஹானியாவுக்கு இங்கே மூச்சு விட முடியவில்லை என்பது மட்டும்தான்.

அவன் நெஞ்சும் சுரங்கத் தூசியில் போனதுதானே, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிறான்.  நான் சொன்னதைக் கேட்டதும் பட்டறைக்குள் போய்க் கொதிகலனுக்குக் காற்று போகும் கதவைச் சாத்தினான். “மூச்சுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்டா. ஆறட்டும். நாளைக்கு வா, கையுறை எடுத்துட்டு வா, சாக்பீஸ் பிடிச்ச கை தாங்காது” என்றான். மறுநாள் இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். இரும்புக்கடையில் யந்திரம் அதை நசுக்கும்போது, அன்றைக்கும் போட்டு வந்திருந்த, தாத்தாவின் அடக்கத்தில்கூடக் கழற்றாத அந்தத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஆனால் அவனுக்கும் இந்த மானியத்துக்கு நானே விண்ணப்பம் எழுதப் போகிறேன், அவன் வேண்டாம் என்றாலும் விடப்போவதில்லை. அவன் வீடு நமக்கு மேற்கே இருக்கிறது, காற்று அங்கிருந்துதான் வருகிறது. அவன் வீடு முடிந்தால் அடுத்தது மளிகைக் கடைக்காரர். சிரிப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொள்கிறேன்.

ரசீதைக் கொடுத்தாயிற்று, புகைபோக்கியின் வாயைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. மாடி அறையில் கம்பளி இல்லாமல் வெறும் சட்டையோடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இனி நீ சொல்வதற்குக் காரணம் ஒன்றும் பாக்கியில்லை. கிறிஸ்துமஸுக்கு வா. ஹானியாவின் மூச்சு மருந்தை மறக்காதே, கம்பளிக் காலுறை போட்டுவிடு, டோமெக்கைப் பனியில் வேகமாக ஓட்ட வேண்டாம் என்று சொல், கோழிப்பண்ணைக் கதைகளையும் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல். அம்மா கசகசா கேக்குக்கு இப்போதே சாமான் வாங்கி வைத்துவிட்டாள். வரும் தேதியை அவளிடம் சொல்லாதே, என்னைக் கூப்பிட்டுச் சொல், நான் தோட்டத்தில் இருக்க மாட்டேன். குழந்தையைக் கடவுள் காக்கட்டும், உங்கள் இருவரையும்தான்.

இந்த வருஷம் என் பெயரை அரசாங்கத்துக்கு எழுதியெழுதிக் கை அலுத்துவிட்டது. உனக்கும் அப்படி ஒரு கையெழுத்துப் போட எனக்கு இஷ்டமில்லை. எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். அடியில் ஒன்றும் போடாமல் இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.